பழைய பெல்லெட் அடுப்பை வேறு அடுப்பின் உறுப்புகளால் திருத்துதல்

வெலிமடைப் பகுதியில் பெரும்போக நெல் அறுவடையாகி, அதே வயலில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் கோவாவும் நடுவதற்குப் பாத்தி கட்டும் நாட்களில், அரிசி ஆலைகளின் பின்புறத்தே உமி மலைபோற் குவிந்து கிடப்பதைக் காணலாம். ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோகிராம் நிறையுடையது. அதில் ஐந்திலொரு பங்கு, அதாவது நான்கு கிலோகிராமுக்குச் சற்று மேலாக, உமியே ஆகும். ஆகவே ஐம்பது புசல் நெல்லைக் குற்றுவித்த கமக்காரர் ஒருவர், இருநூறு கிலோகிராம் எரிபொருளை ஆலையிலே விட்டுவிட்டு வீடு திரும்புகின்றார் என்று சொல்லின் அது மிகையாகாது. அவர் வீட்டுப் பெண்களோ, சவுக்குக் கிளைகளையும் தேயிலைக் கவ்வாத்து மிலாறையும் தலைச்சுமையாகக் கொணர்ந்து, ஈர விறகை ஊதி ஊதிக் கண் கலங்குகின்றனர்.

2022ஆம் ஆண்டில் எரிவாயு உருளைக்காக மக்கள் இரவும் பகலும் வரிசையில் நின்றதையும், அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக உயர்ந்ததையும் எவரும் மறந்திரார். அக்காலத்திற் பரணிற் கிடந்த பழைய அடுப்புகள் பல கீழே இறக்கப்பட்டன. விசிறி பூட்டிய சிற்றடுப்புகளும் கைமாறின. விசிறி பழுதானதும், அடித்தட்டு வளைந்ததும், உட்கூடு வெடித்ததுமாகிய அவ்வடுப்புகளுக்கு வேறு வகை அடுப்பொன்றின் உறுப்புகளைக் கழற்றிப் பொருத்துவது இயலுமா என்பதே பலருடைய கேள்வி. இயலும். ஆயின் உறுப்பு அளவாகப் பொருந்துகின்றதா என்று மட்டும் பார்த்தல் போதாது. அந்த அடுப்பிற் காற்று எவ்வழி செல்கின்றது என்பதையும், எரிபொருள் எவ்வளவு சாம்பலை விடுகின்றது என்பதையும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இவ்விரண்டையும் அறியாது செய்யப்படும் திருத்தம், நல்ல அடுப்பையும் புகைக்கூண்டாக ஆக்கிவிடும்.

அடுப்பின் உள்ளமைப்பு

பெல்லெட் என்பது மரத்தூள், உமி, கரும்புச் சக்கை போன்றவற்றை இயந்திரத்தால் மிக அழுத்திச் செய்த, சுண்டுவிரற் பருமனிலும் குறைந்த சிறு கட்டியாகும். அதனை எரிக்கும் வீட்டு அடுப்பில் ஒன்றினுள் ஒன்றாக இரண்டு கூடுகள் இருக்கும். வெளிக்கூடு தகரம் அல்லது இரும்புத் தகடு. உட்கூடு சுட்ட மண் போன்ற சூடு தாங்கும் பொருள். உட்கூட்டின் அடியில் துளையிட்ட தட்டு ஒன்றும், பக்கத்தே சிறு விசிறி ஒன்றும் உண்டு.

விசிறி தரும் காற்று இரண்டாகப் பிரிகின்றது. ஒரு பங்கு தட்டின் கீழே சென்று பெல்லெட்டுகளின் ஊடாக மேலெழும். இதனை முதற்காற்று என்போம். மற்றைய பங்கு இரு கூடுகளுக்கும் இடையேயுள்ள வெளியால் ஏறி, அடுப்பின் வாய்க்கருகே வட்டமாக அமைந்த துளைகளால் உள்ளே பாயும். இது இரண்டாங்காற்று. இவ்வடுப்பிலே தீயை மேற்புறத்தில் மூட்ட வேண்டும். தீ சிறிது சிறிதாகக் கீழிறங்கும். முதற்காற்று குறைவாகவே வருவதால் பெல்லெட் முற்றாக எரியாமல், எரியத்தக்க வாயுவாக மாறி மேலெழுந்து, இரண்டாங்காற்றுடன் கலந்து சுவாலையாகின்றது. புகை என்று நாம் கண்ணைக் கசக்கும் அதே பொருள்தான் இங்கே எரிபொருளாகின்றது.

உலர்ந்த மரம் ஒரு கிலோகிராம் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ ஆறு கிலோகிராம் காற்று, அதாவது ஐந்து கனமீற்றர் அளவு, வேண்டும். இதில் ஏறக்குறையக் கால் பங்கு முதற்காற்றாகச் சென்றாற் போதும். முக்கால் பங்கு மேலே வர வேண்டும். இப்பகிர்வே அடுப்பின் உயிர். எந்த உறுப்பை மாற்றினும் இப்பகிர்வு கெடாதிருத்தல் வேண்டும்.

பிறர் கண்ட அனுபவம்

அடுப்பைத் திருத்தித் திருத்திச் செம்மையாக்குவது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1970களின் இறுதியிலிருந்து சர்வோதய இயக்கமும், இங்கிலாந்தின் இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழுவும் விறகு மீதப்படுத்தும் அடுப்புகளைப் பரப்பத் தொடங்கின. முதலில் கனத்த மண் அடுப்பு. பின்னர் சூளையிற் சுட்ட இரு துண்டுகளை வீட்டிலேயே மண் பூசி அமைக்கும் இருவாய் அடுப்பு. 1980களில் இலங்கை மின்சார சபையின் முயற்சியும் சேர்ந்து, கடையில் வாங்கி உடனே வைக்கத்தக்க ஒரே துண்டான அனகி அடுப்பு உருவாயிற்று. ‘அனகி’ என்பது சிங்களத்திற் சிறந்தது என்னும் பொருளது. ஊவாவின் சமையலறைகள் பலவற்றிலும் இன்று காணப்படும் இரட்டைவாய் மண்ணடுப்பு அதுவே. ஒரு தீயில் இரண்டு பானை வேகும். முன்வாயிலிருந்து ஒரு சுரங்கம் பின்வாய்க்குச் சூட்டைக் கொண்டு செல்லும். அதனைச் சுற்றி மண் பூசிவைத்தால், பூசாத அடுப்பைக் காட்டிலும் பல மடங்கு காலம் நீடித்து உழைக்கும்.

இவ்வடுப்பு வெற்றி பெற்றமைக்கு ஒரு காரணம் சிந்திக்கத்தக்கது. அதன் எரிபொருளை எவரிடமும் வாங்க வேண்டியதில்லை. உடைந்தால் அடுத்த ஊர்க் குயவர் இன்னொன்று தருவார்.

இந்தியாவின் அனுபவம் வேறு விதமாய் அமைந்தது. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வாளர்கள் அமைத்த விசிறி அடுப்பை, பி.பி. என்னும் எண்ணெய்க் கம்பனி ‘ஊர்ஜா’ என்ற பெயரில் 2006ஆம் ஆண்டையொட்டிச் சந்தைக்குக் கொணர்ந்தது. 2009இல் அது புனேயைச் சேர்ந்த பர்ஸ்ட் எனர்ஜி என்னும் கம்பனியின் கைக்கு மாறிற்று. அடுப்பு மிகச் சிறந்தது. அறுநூறு கிராம் பெல்லெட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் எரியும், புகை இல்லை, பானையிற் கரி பிடியாது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட அடுப்புகள் விலைபோயின. ஆயின் பெல்லெட் செய்வதற்கான வேளாண் கழிவுகளின் விலை ஏற, பெல்லெட்டின் விலையும் ஏறிற்று. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான வீடுகள் அதனைக் கைவிட்டன. கம்பனியும் உணவுச்சாலைகள் போன்ற பெரிய சமையலறைகளின் பக்கம் திரும்பிற்று. அடுப்பிற் குற்றமில்லை, எரிபொருள் வேறொருவர் கையில் இருந்தது.

எனவே, பழைய பெல்லெட் அடுப்பைத் திருத்த முற்படும் கமக்காரர், “இதற்கு எந்த உறுப்பு கிடைக்கும்?” என்று கேட்பதற்கு முன்னர், “என் வீட்டில் எந்த எரிபொருள் ஆண்டு முழுவதும் கிடைக்கும்?” என்று கேட்டல் வேண்டும். திருத்தம் அவ்வெரிபொருளுக்கு ஏற்றதாய் அமைய வேண்டும்.

உமியை நேரே இடலாமா?

இடலாம் என்று எண்ணுவோர் பலர். ஆனால் கணக்கைப் பாருங்கள். பெல்லெட் ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 600 கிலோகிராம் நிறை கொள்ளும். தளர்ந்த உமியோ 100 கிலோகிராம் அளவே. ஆகவே அறுநூறு கிராம் பெல்லெட் கொள்ளும் அடுப்பில் நூறு கிராம் உமிதான் கொள்ளும். அரிசி கொதி வருமுன்னரே அது எரிந்து முடிந்துவிடும். பிலிப்பைன்ஸ் நாட்டின் இலோய்லோ நகரில் அலெக்சிஸ் பெலோனியோ என்னும் பொறியியலாளர் உமிக்கென்றே அமைத்த வாயு அடுப்பு உயர்ந்த உருளை வடிவாக இருப்பதன் காரணம் இதுவே. அம்முயற்சிக்கு 2008இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. நம்முடைய குட்டையான அடுப்பின் மேல் தகர வளையம் வைத்து உயர்த்தினால் உமி கொள்ளலாம். ஆயின் அடுப்பு தலை கனத்துச் சரியும். கொதிநீர்ப் பானையுடன் அடுப்பு சாய்ந்தால் நேரும் கேட்டைச் சொல்ல வேண்டியதில்லை. ஆதலால் உமியடுப்பின் உருளையைப் பெல்லெட் அடுப்பின் மேற் பொருத்துவதை நாம் பரிந்துரைப்பதில்லை.

எரிபொருளாக இரண்டு வழியே எஞ்சுகின்றன. ஒன்று உமியால் அழுத்திய பெல்லெட். இதனைக் கையால் செய்ய முடியாது, ஆலை வேண்டும். மற்றையது, நன்றாய் உலர்ந்த மிலாறையும் சவுக்குச் சுள்ளியையும் கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டி, பெல்லெட்டுக்குப் பதிலாக நிரப்புவது. இரண்டாவது வழி வெலிமடையில் இலகுவானது. வெட்டுவது சலிப்பான வேலைதான். ஆயினும் ஓய்வு நாளில் ஒரு சாக்கு வெட்டி வைத்துக்கொண்டால் சில நாட்களுக்கு ஆகும். வடகீழ்ப் பருவ மழையின்போது வெளியே உலர்த்த இயலாதாகையால், அடுப்பின் மேற்புறத்துப் பரணிலே, தீப்பொறி எட்டாத உயரத்தில், முன்கூட்டியே பரப்பி வைத்தல் வேண்டும். உடைத்தால் ‘படீர்’ என ஒலித்து முறியும் மிலாறே உலர்ந்த மிலாறு. வளைந்து கொடுப்பதை அடுப்பிலிடலாகாது.

அடித்தட்டு

மரத்தின் சாம்பல் நூறு பங்கில் ஏறத்தாழ ஒரு பங்கே. உமியின் சாம்பலோ இருபது பங்கு. அறுநூறு கிராம் மரப்பெல்லெட் எரிந்தால் எஞ்சுவது ஒரு தேக்கரண்டிச் சாம்பல். அதேயளவு உமிப்பெல்லெட் எரிந்தால் நூற்றிருபது கிராம், அதாவது அடுப்பின் உள்ளே பெரும்பகுதி நிறையும் சாம்பற்கூடு. அச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா. தீ அடித்தட்டை அடைந்த பின்னும் விசிறியை ஓடவிட்டால், எஞ்சிய கரி வெண்சூடாக எரிந்து, சாம்பல் உருகி, துளைகளை அடைத்துக் கற்போல் இறுகிவிடும்.

இதனை எழுதுவோன் தன் கையாற் செய்த பிழை ஒன்றையும் இங்கே சொல்லலாம். மரப்பெல்லெட்டுக்கென அமைந்த அடுப்பொன்றில் உமிப்பெல்லெட்டை இட்டு, சுவாலை அணைந்த பின்னும் “கரியும் வீணாகாதிருக்கட்டும்” என்று விசிறியை அணைக்காது விட்டதில், மறுநாள் அடித்தட்டைப் பெயர்க்க உளியும் சுத்தியலும் தேவைப்பட்டன. தட்டு பிழைத்தது, உட்கூடு வெடித்தது.

உமியடுப்பிலிருந்து கடன் வாங்கத்தக்க உறுப்பு அதன் அடித்தட்டே. அவ்வடுப்பிற் கரியைக் கீழே கொட்டுதற்கு அசையும் தட்டு உண்டு. பழைய அடுப்பின் நிலைத்தட்டை அகற்றி, பக்கத்தால் இழுக்கத்தக்க அல்லது சாயத்தக்க தட்டொன்றைப் பொருத்தினால், சுவாலை அடங்கியவுடன் கரியைக் கீழேயுள்ள இரும்புத் தட்டத்தில் இறக்கிவிடலாம். புதிய தட்டின் துளைகள் பெல்லெட்டின் பருமனிலும் சிறியனவாயிருத்தல் வேண்டும். அன்றேல் பெல்லெட் கீழே விழும். ஆயின் துளைகளின் மொத்தப் பரப்பு பழைய தட்டின் அளவுக்குக் குறையவும் கூடாது, மிகவும் கூடாது. துளை சிறிதானால் அதற்கேற்ப எண்ணிக்கையைக் கூட்டுக. தட்டு அசையும் இடைவெளியாற் காற்றுக் கசிந்தால் முதற்காற்று மிகுந்துவிடும். அவ்விடைவெளியைக் களிமண்ணும் உமிச்சாம்பலும் கலந்து குழைத்துப் பூசி, தட்டு அசையுமளவு மட்டும் விடுக. இதற்குப் பழைய கல்நார்க் கூரைத் தகட்டை உடைத்துப் பயன்படுத்துவோர் உளர். அது நுரையீரலைக் கெடுக்கும் பொருளாதலின் தொடவே கூடாது.

உட்கூடு

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். அனகி அடுப்பைச் சுற்றி மண் பூசிச் சூட்டைக் காத்த பழக்கத்தினால், பெல்லெட் அடுப்பின் இரு கூடுகளுக்கிடையேயுள்ள வெளியையும் மண்ணாலோ உமிச்சாம்பலாலோ நிரப்பிவிடுகின்றனர். உமிச்சாம்பல் சூட்டைக் காப்பதிற் சிறந்தது என்பது உண்மை. ஆனால் அந்த வெளி வெற்றிடமன்று, இரண்டாங்காற்றின் வழி. அதனை அடைத்தால் மேலே வர வேண்டிய முக்கால் பங்கு காற்றும் நின்றுபோம். அடுப்பு எரியும், ஆயின் வாயு முழுதும் எரியாது, கரும்புகையாய்ப் பானையிலும் வீட்டிலும் படியும். ஓர் அடுப்பிற் குணமாய் இருப்பது மற்றோர் அடுப்பிற் குற்றமாகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

உட்கூடு வெடித்திருந்தால், பழையதை உடையாமல் வெளியே எடுத்து, குயவரிடம் மாதிரியாகக் கொடுத்துச் சுட்டுவிக்கலாம். மேலுள்ள துளைகளின் எண்ணிக்கையும் பருமனும் மாறாதிருக்கும்படி கண்டிப்பாகச் சொல்க. மண் சுடும்போது சுருங்குமாதலால் பச்சை மண்ணில் துளை சற்றுப் பெரிதாயிருக்க வேண்டும் என்பதைக் குயவர் அறிவார். அவருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

விசிறி

முதலிற் பழுதாவது விசிறியும் பற்றரியுமே. பழைய கணினியின் விசிறியைக் கழற்றிப் பூட்டுவது எங்கும் நடக்கின்றது. அது பெரும்பாலும் 12 வோல்ற்று விசிறி. 6 வோல்ற்றுப் பற்றரியில் அது சோம்பலாய்ச் சுழலும் அல்லது சுழலவே மாட்டாது. மாறாக, 6 வோல்ற்று விசிறியை 12 வோல்ற்றுப் பற்றரியிற் பூட்டினால் எரிந்துவிடும். கணினி விசிறி காற்றை மிகுதியாக நகர்த்தும். ஆயின் தடையை எதிர்த்துத் தள்ளும் வலு அதற்குக் குறைவு. வெட்டிய மிலாறைப்போல் இடைவெளியுள்ள எரிபொருளுக்கு அது போதும். நுண்துளை வழியே காற்றைத் தள்ளுதற்குச் சக்கரம் மூடிய கூட்டினுள் சுழலும் ஊதுவிசிறியே ஏற்றது.

பூட்டிய பின், தீ மூட்டாமலே சோதிக்க வேண்டும். அடுப்பில் எரிபொருளை நிரப்பி, விசிறியை ஓட்டி, ஊதுவத்தியொன்றை மேற்றுளை ஒவ்வொன்றுக்கும் அருகே பிடிக்க. எல்லாத் துளைகளிலும் புகை உள்நோக்கி ஒரே சீராகத் தள்ளப்படுதல் வேண்டும். பின்னர் தீ மூட்டிச் சுவாலையைப் பார்க்க. மஞ்சளாய் நீண்டு பானையிற் கரி படிந்தால் மேற்காற்றுப் போதாது. சுவாலை அடுப்பைவிட்டு எம்பி, இரைந்து, சாம்பல் பறந்து சோற்றில் விழுந்தால் விசிறி மிகை. அப்போது விசிறியின் வாயைத் தகரத் துண்டொன்றாற் சிறிது மூடிக் குறைக்கலாம். இத்தகரத்தைத் தள்ளி மூடவும் திறக்கவும் தக்கதாக அமைத்தால் தீயைக் கூட்டவும் குறைக்கவும் அதுவே உதவும். விசிறியை அடுப்புடன் ஒட்டிப் பூட்டாமல், ஒரு சாண் தகரக் குழாயால் விலக்கி வைக்க. அடுப்பு ஆறுமுன் விசிறி நின்றால் சூடு பின்வாங்கி வந்து அதனை உருக்கிவிடும்.

பானை தாங்கும் முளைகளையும் கவனிக்க வேண்டும். பானை அடுப்பின் வாயில் அழுந்தி இருந்தால் சுவாலை வெளியேற வழியின்றி மூச்சடைந்து அணையும். ஒரு விரற்பருமன் அளவேனும் இடைவெளி வேண்டும்.

அறையினுள் வைக்கலாகாது

இவ்வளவும் செய்தபின் புகையே தெரியாத அடுப்பு அமையும். அதிலுமோர் ஆபத்து உண்டு. மார்கழி, தை மாதங்களில் வெலிமடையிலும் சுற்றுத் தோட்டங்களிலும் குளிர் மிகும். லயன் காம்பராவின் கதவையும் சன்னலையும் அடைத்து, கரி கனன்றுகொண்டிருக்கும் அடுப்பைக் குளிர்காய உள்ளே வைப்பது பழைய வழக்கம். கனலும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் வாயு எழும். அதற்கு நிறமில்லை, மணமில்லை; உறங்குவோர் உறக்கத்திலேயே இறந்துபோவர். விறகடுப்பாயின் விழித்திருப்போரையேனும் புகை இருமச்செய்து எச்சரிக்கக்கூடும். நன்றாய்த் திருத்திய இவ்வடுப்பு அதனையும் செய்யாது. ஆகவே கரியை வெளியே எடுத்து, மண்ணாற் செய்த மூடியால் அணைத்த பின்னரே கதவை அடைக்க. தலைவலியும் மயக்கமும் தோன்றினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

வெளியே எடுத்த உமிக்கரியை எறிந்துவிடாதீர்கள். நாற்று மேடைக்கும் காய்கறி நாற்றுச் சட்டிகளின் மண்கலவைக்கும் அது நன்கு உதவும். மண்ணை இளக்கும், நீரைத் தாங்கும், சிலிக்காவையும் சிறிது பொற்றாசியத்தையும் தரும். வெள்ளைச் சாம்பலை, சிறப்பாக விறகுச் சாம்பலை, இடுமிடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அது மண்ணின் புளிப்பைக் குறைப்பது. வேர்முடிச்சு நோய் கண்ட கோவாப் பாத்திக்கு அது நன்மையே. ஆயின் உருளைக்கிழங்குப் பாத்தியிற் புளிப்புக் குறைந்தாற் கிழங்கின் தோலிற் சொறிநோய் மிகும். ஆதலின் அடுப்புச் சாம்பலைச் சாக்கிற் கட்டி மழை படாது வைத்திருந்து, கிழங்கு நடும் வயலுக்கு இடாமல், கோவா நடும் வயலுக்கு இடுக.